விமர்சனம் அக்கா வாய் திறக்காத நாட்கள்

பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. வாய்க்குள் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், சின்னக் கண்ணாடி, போதாததற்கு டாக்டரின் இரண்டு விரல். கண்ணுக்கு நேர் மேலே விளக்கு. இந்த நிலையில் இருப்பவர்களிடம்தான் அக்கா பல வருஷங்களாக சினிமாவைப் பற்றிப் பேசி வந்தாள்.

அவளுக்கு அங்கே உதவியாளர் வேலை. குழாயைப் பிடிப்பது, பல்லை அடைக்கும் சிமெண்டைக் குழைப்பது, கருவிகளை ஆவியில் வைத்து எடுப்பது, பயந்தவர்களின் தோளைத் தட்டிக் கொடுப்பது. இவற்றில் எதற்கும் வாய் தேவைப்படாததால் அது சும்மா இருந்தது. சும்மா இருந்த வாயை அவள் சினிமாவுக்குக் கொடுத்தாள். வருகிறவர்கள் அவளுக்கு விமர்சனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னிக்கு விமர்சனம் அக்கா இருக்காங்களா?" என்று ஃபோனில் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். இருந்தால் வருவதற்காகக் கேட்டவர்களும் உண்டு. இல்லாவிட்டால் வருவதற்காகக் கேட்டவர்களும் உண்டு.

"போன வாரம் ஒரு படம் பாத்தேங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. முழுக்க மழையிலயே சண்டை. ஆரம்பத்துலேர்ந்து மழை. ஆனா ஊர்ல ஒருத்தர் கையிலயும் குடை இல்ல. அவ்வளவு மழை பெய்யற ஊர்ல குடையே இல்லாம எப்படிங்க கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, பகையை வேற வளர்த்தாங்க?"

நாற்காலியில் இருப்பவர் "ஆ" என்பார்.

"அதான். நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

எல்லா "ஆ"வையும் அவள் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். கதாநாயகிக்குத் தலையில் அடிபட்டு ஞாபகம் போய், மறுபடி அடிபட்டதும் திரும்பி வந்துவிடும் படம் ஒன்று நன்றாக ஓடியது. "அடிபட்டவங்க எத்தனை பேர் இங்க வர்றாங்க. எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் எதுவும் திரும்பி வரல. பல்லு கூட" என்றாள். சினிமா இல்லாத நாட்களில் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வாள். பொத்தானை அமுக்கினால் விரியும் குடையை நம்பக் கூடாது. பாட்டுப் பாடும் அழைப்பு மணி வைத்திருக்கிற வீட்டில் பாட்டு முடிகிறவரை கதவைத் திறக்க மாட்டார்கள். சோபா என்பது விருந்தாளிகள் சீக்கிரம் கிளம்பாமல் இருக்கக் கண்டுபிடித்தது. அதை யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் வீட்டுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் அவளைவிட வயதில் சின்னவர். பேச்சே வராது. திறங்க, கடிங்க, துப்புங்க என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தி வந்தார். அக்கா பேசுவது அவருக்கு வசதியாக இருந்தது. நோயாளி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஊசியைப் போட்டுவிடலாம்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கட்டிடங்களில் லிஃப்ட்டைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி இருந்த கட்டிடத்தின் லிஃப்ட்டும் அவர் கணக்கில்தான் வந்தது. ஆனாலும் அக்கா மூன்றாவது மாடிக்குப் படியேறித்தான் போவாள். "எங்க வீட்டு சமையல்கட்டுல குழாய் சொட்டுது. ரெண்டு வருஷமா சொட்டுது. அந்த மனுஷன் சரிபண்ணின பொட்டிக்குள்ள நான் ஏறணுமா?" என்று காரணமும் சொல்வாள்.

வீட்டில் அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. சாப்பிட வா என்றால் வருவார். படம் போகலாமா என்றால் சட்டை மாற்றிக்கொள்வார். படம் முடிந்து திரும்பும்போது அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள், அவர் "ம்" என்று வருவார். தனக்குப் பிடித்ததெல்லாம் அவருக்கும் பிடிக்குமா என்று அவள் ஒருநாளும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்பது போல இருந்தாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்தது. கண் பார்வை போய்விட்ட ஒருவனுக்கு அவன் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து உலகத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். மேகம் எப்படிப் போகிறது, எதிர்வீட்டில் என்ன நிறத் திரைச்சீலை, யார் யாரோடு பேசிக்கொண்டு போகிறார்கள் என்று. கடைசியில் ஆபரேஷன் நடந்து பார்வை வந்துவிடும். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டு, "நீ சொன்னதுதான் நல்லா இருந்தது" என்பான். அக்கா அந்த இடத்தில் அழுவாள். ஒவ்வொரு கல்யாண நாளிலும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கட்டம் வருவதற்குச் சற்று முன்னால் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். அழுவதைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறாள். "உங்கப்பா வெளிய தெரியாத ஆளு. உள்ள அவ்வளவும் ஈரம்."

இப்படியிருக்கையில் அக்காவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. தரை துடைக்கும் மருந்தை மாற்றியதால் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணெய் போடாத கதவு மாதிரி ஆயிற்று. ஒருநாள் ஒரு படத்தின் இடைவேளை வரைக்கும் சொல்லிவிட்டு அதற்குமேல் காற்று மட்டும் வந்தது. நாற்காலியில் இருந்தவர் இரண்டாம் பாதிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார்.

"குரல் நரம்புல சின்னதா தடிப்பு இருக்கு. கால்ல ஆணி விழும்ல, அந்த மாதிரி. ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். மூணு வாரம் பேசாம இருந்தா அமுங்கிடும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம்."

"இது ஏன் டாக்டர் வருது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அதிகமா பேசற வேலையில இருக்கறவங்களுக்கு வரும். டீச்சர், ஏலம் விடறவங்க, பாடறவங்க. இவங்க எங்க வேலை பாக்கறாங்க?"

"பல் ஆஸ்பத்திரியில."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பல் ஆஸ்பத்திரியில் அமைதி. பல வருஷமாக வந்துகொண்டிருந்த ஒரு அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "இந்த மெஷின் புதுசா? இவ்வளவு சத்தம் போடுதே" என்றார். அது பழைய மெஷின்தான். இத்தனை நாள் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. ஊசியைப் பார்த்ததும் நோயாளிகள் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒருவர் பாதியில் எழுந்து, வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

வேறு வழியில்லாமல் டாக்டர் பேசினார்.

"நான் ஒரு படம் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்தாள். "அதுல ஒரு கார் வரும். சிவப்பு கார்." கொஞ்ச நேரம் பல்லைக் குடைந்தார். "நல்ல கார்."

இரண்டாவது நாள் அந்தக் காரை யார் ஓட்டினார்கள் என்பதுவரை வந்தார். அதற்கடுத்த நாட்களில் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒரு படத்தின் அண்ணனை இன்னொரு படத்தின் தங்கையோடு சேர்த்து, மூன்றாவது படத்தின் வில்லனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் முதல் படத்திலேயே செத்துப்போனவன். அக்கா கையில் குழாயோடு பக்கத்தில் நின்றாள். கையுறை போட்டிருந்ததால் ஃபோனில் தட்டிக் காட்டவும் முடியாது. கையுறையைக் கழற்றி, "அது வேற படம்" என்று எழுத்துப் பிழையோடு தட்டி முடிப்பதற்குள் டாக்டர் நான்காவது படத்துக்குப் போயிருப்பார்.

"ஏன்க்கா முழிக்கறீங்க, நல்லா சொல்றேனா?" என்றார் டாக்டர்.

அக்கா தலையாட்டினாள். வேறென்ன செய்வது.

அந்த வாரம் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பல தவணையாக வருகிறவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அக்கா பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தார்.

"பேசவே மாட்டீங்களா சிஸ்டர்? ஒரு வார்த்தை கூடவா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப நான் கொஞ்சம் பேசிக்கறேன். டாக்டர், ஒரு ரெண்டு நிமிஷம்." அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். "அந்த மழை படம். குடை இல்லன்னு சொன்னீங்க. குடை பிடிச்சுட்டு எப்படி சிஸ்டர் சண்டை போடறது? ஒரு கை போயிடுதே. ரெண்டாவது, வீட்டை வித்து பையனைப் படிக்க வைக்கற அப்பா படம். ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தா அரைமணி நேரத்துல முடிஞ்சிருக்கும்னீங்க. அந்தப் படத்துக்கு நான் ரெண்டு தடவ போயி அழுதவன். நீங்க சொல்லிட்டிருந்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நீங்க வலிக்குதான்னு கேட்டீங்க. நான் இல்லைன்னுதான் சொன்னேன். 'ஆ'ன்னு கேட்டிருக்கும் உங்களுக்கு. டாக்டர் இன்னொரு ஊசி போட்டுட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் எனக்கு மூக்கே இல்லாத மாதிரி இருந்துச்சு. மூக்கு இல்லாமலே பஸ்ஸை ஓட்டினேன்."

டாக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார்.

"அவ்வளவுதான். கோவம் எல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் சாய்ந்து வாயைத் திறந்தார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது அக்கா பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்காமல் போனாள். இத்தனை வருஷமாகக் கேட்ட "ஆ"க்களில் எத்தனை இல்லை என்று இருந்திருக்கும் என்று யோசித்தாள். சில முகங்கள் ஞாபகம் வந்தன. அவர்கள் புருவத்தை ஏற்றியதெல்லாம் ஆர்வத்தில் என்று நினைத்திருந்தாள்.

லிஃப்ட் விஷயம் நடந்தது அதற்குப் பிறகுதான்.

பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவு ஒரு மூட்டை கீழே வந்து இறங்கியிருந்தது. வேலைக்குப் புதிதாய் வந்திருந்த வாட்ச்மேனைக் காணோம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அக்கா இரண்டு படி ஏறினாள், இறக்கி வைத்தாள், லிஃப்ட்டைப் பார்த்தாள். அது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அக்கா மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டு மூன்றை அமுக்கினாள். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் லேசாக இருமியது மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. ஃபோன் மேலே சார்ஜில் இருந்தது. கத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தொண்டை டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. மூட்டையின் மேல் உட்கார்ந்து மணியை அமுக்கினாள். விட்டு விட்டு அமுக்கினாள்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யாரு உள்ள?" என்று கேட்டார். மணி அடித்தது. "யாருங்க?" மறுபடி மணி அடித்தது. அவர் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, "லிஃப்ட்டு நின்னுடுச்சு. உள்ள யாரோ இருக்காங்க, ஆனா இல்ல" என்றார்.

வீட்டுக்காரர் அடுத்த தெருவில் வேலையாக இருந்தார். கூட வேலை பார்ப்பவரோடு வந்து சேர்ந்தார். அந்த ஆளை மேலே மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டு, இவர் இரண்டாவது மாடிக் கதவருகே வந்து நின்றார்.

"உள்ள இருக்கறவங்களுக்கு வணக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக். பயப்படாதீங்க. காத்து நல்லா வரும். லிஃப்ட் விழாது. மேல கட்டியிருக்கற கயிறுல ஒண்ணு இருந்தாலே இந்தப் பொட்டியைத் தாங்கும், அங்க நிறைய இருக்கு. உங்களுக்குப் பேச முடியலன்னா பரவாயில்ல. நல்லா இருக்கீங்கன்னா ஒரு தட்டு தட்டுங்க. ஏதாவது பண்ணுதுன்னா ரெண்டு தட்டு."

அக்காவுக்கு முதலில் குரல் அடையாளம் தெரியவில்லை. ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசுகிற யாரையும் அந்தக் குரலில் அவளுக்குப் பழக்கமில்லை. நடுவில் ஒரு கனைப்பு வந்தது. கனைப்பு அவளுக்குத் தெரிந்த கனைப்பு.

ஒரு தட்டு தட்டினாள்.

"நல்லது. மேல எங்காளு போயிருக்காரு. பிரேக்கை விட்டு விட்டு மெதுவா இறக்குவாரு. கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். பேசிட்டிருந்தா உள்ள இருக்கறவங்களுக்கு இடம் கொஞ்சம் பெரிசா தெரியும், நான் பாத்திருக்கேன். சினிமா பாப்பீங்களா?"

ஒரு தட்டு.

"எங்க வீட்டுலயும் பாப்பாங்க. எங்க வீட்டம்மா இந்தக் கட்டிடத்துலதான் வேலை. மூணாவது மாடி. ஆனா லிஃப்ட்ல ஏற மாட்டாங்க. என் வேலை மேல அவ்வளவு நம்பிக்கை." பக்கத்தில் வாட்ச்மேன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "கல்யாண நாளன்னிக்கு வருஷா வருஷம் ஒரே படம் போடுவாங்க. கண்ணு தெரியாதவன் கதை. பொண்டாட்டி ஜன்னல்ல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டே இருப்பா. பாத்திருக்கீங்களா?"

ஒரு தட்டு.

"புடிச்சுதா?"

அக்கா கையை உயர்த்தி, சற்று நிறுத்தி, ஒரு தட்டு தட்டினாள்.

"எல்லாருக்கும் புடிக்குது. எனக்குப் புடிக்காது."

அக்கா கதவைப் பார்த்தாள். கதவில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா நல்லாத்தான் சொல்றாங்க. குறை சொல்ல முடியாது. ஆனா படம் முழுக்க அந்தாளை யாரும் ஒண்ணுமே கேக்கல. கண்ணுதானே போச்சு, வாய் இருக்கே? நடுவுல ஒரு இடத்துல அவன், 'எனக்கு ஒண்ணு தோணுது'ன்னு ஆரம்பிப்பான். அந்தம்மா, 'இருங்க, தபால்காரர் வர்றாரு'ன்னுட்டு தபால்காரரைச் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. அவனுக்கு என்ன தோணுச்சுன்னு கடைசிவரைக்கும் வரவே இல்ல. நானும் இத்தனை வருஷமா யோசிக்கறேன், என்ன தோணியிருக்கும்னு."

அவர் கதவில் சாய்ந்துகொண்டது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கடைசி சீன் வர்றதுக்குள்ள நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவேன். கண்ணு வந்ததும் அவன் முதல் வேலையா, உனக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேட்டிருக்கணும். அவன் போயி நீ சொன்னதுதான் நல்லா இருந்ததுங்கறான். அதை உக்காந்து பாக்க முடியாது என்னால. எங்க வீட்டம்மா நான் அழறேன்னு நினைச்சுட்டிருக்காங்க. சரி, அப்படியே நினைக்கட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. பலமாகக் கேட்டது.

"ஐயோ, ரெண்டா? மூச்சு முட்டுதா? இருங்க, இருங்க." அவர் மேலே பார்த்து, "சீக்கிரம் இறக்குப்பா, உள்ள இருக்கறவங்களுக்கு முடியல" என்று சொன்னார். அக்கா அவசரமாக ஒரு தட்டு தட்டினாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி முதல் மாடியில் நின்றது. அவர் படியிறங்கி வந்து சாவி போட்டுக் கதவை விலக்கினார். மூட்டை ஓரத்தில் கிழிந்திருந்தது. அதன் மேல் உடையெல்லாம் வெள்ளை மாவோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"நீயா" என்றார்.

அக்கா மடியிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"லிஃப்ட்ல ஏன் ஏறின?"

அக்கா மூட்டையைக் காட்டினாள். அவர் குனிந்து மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். அக்கா பின்னால் போனாள். படியெல்லாம் மாவு சிந்திக்கொண்டே போயிற்று. வாட்ச்மேன் கீழேயிருந்து, "சார், அவங்க யாரு?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைச் சரிசெய்தார். கால்மணி நேர வேலை. அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தமும் இல்லை. அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் என்றால் அவளுக்கு வாயில்தான் வரும், அது வேலை செய்யாதபோது எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சமையல்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அக்கா நாற்காலியை மேஜைப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"ஆனா சொன்னது நிசம்தான்."

அக்கா மேஜையில் ஒரு தட்டு தட்டினாள்.

"அந்தாளுக்கு என்ன தோணியிருக்கும்னு நீ யோசிச்சிருக்கியா?"

இரண்டு தட்டு.

"நான் ரெண்டு மூணு வச்சிருக்கேன். சொல்லட்டுமா?"

அக்கா வெகுநேரம் எடுத்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினாள். அவர் சொன்னார். அவனுக்கு ஒருவேளை ஜன்னலை மூடச் சொல்லத் தோன்றியிருக்கலாம், குளிராக இருந்திருக்கும். ஒருவேளை தபால்காரரைத் தனக்குத் தெரியும் என்று சொல்ல வந்திருக்கலாம். நடக்கிற சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவதை அவர் சொல்லவில்லை. அது சரியாக வரவில்லை, இன்னும் யோசிக்க வேண்டும் என்றார்.

மிச்சமிருந்த நாட்கள் அப்படித்தான் போயின. முகத்துக்கு நேராக அவரால் பேச முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினார், துணி காயப்போட்டுக்கொண்டே பேசினார். சோபா நல்ல பொருள் என்றார். தனக்கு ரொம்ப நாளாக ஒன்று வாங்க ஆசை என்றார். பொத்தான் குடையால் அவருக்கு ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை. மழைச் சண்டைப் படம் அவருக்குப் பிடித்திருந்தது. அதிலும் அந்தக் குடை இல்லாதது ரொம்பப் பிடித்திருந்தது. அக்கா மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் இரண்டு தட்டு.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் ஃபோன் செய்தாள். அம்மாவால் பேச முடியாது என்பதால் அப்பாவிடம் ஃபோன் போயிற்று. அவர் சோபாவைப் பற்றிப் பேசினார். மகள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

அவருக்குப் பிடித்த படம் எது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தனியாகப் போய்ப் பார்த்த படம். யாரும் பார்க்க வராததால் மூன்று நாளில் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. அவர்களிடம் ஒரு பெரிய பீரோ இருக்கிறது. அது புது வீட்டு வாசலில் நுழையவில்லை. "அவ்வளவுதான் கதை. எல்லாரும் அந்த பீரோவைத் தூக்கிட்டே இருப்பாங்க" என்றார். மகள் எங்கேயோ தேடிக் கண்டுபிடித்து அனுப்பிவைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் பார்த்தார்கள்.

வாயைத் திறக்காமல் ஒரு முழுப்படம் பார்ப்பது அக்காவுக்கு அதுதான் முதல் தடவை. பீரோவை நேராகத் தூக்கினார்கள். சாய்த்துத் தூக்கினார்கள். மாடி வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். அக்காவின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தானாகத் தாளம் போட்டன. சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு கட்டத்தில் பக்கத்து நாற்காலி ஆடுகிற மாதிரி இருந்ததால் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது, கண்ணில் தண்ணீர். அவர் இப்படிச் சிரிப்பவர் என்பது அவளுக்குத் தெரியாது. எத்தனையோ தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்த்ததெல்லாம் திரையை. மிச்சப் படத்தை அவள் பாதி திரையிலும் பாதி அவர் முகத்திலும் பார்த்தாள்.

தொண்டை டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, தடிப்பு அமுங்கிவிட்டது, இனி பேசலாம், ஆனால் அளவாக என்றார். அளவு என்றால் எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு, "இப்ப பேசினதுல பாதி" என்றார். எப்போது பேசியதில் என்று தெளிவாகச் சொல்லவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். குரல் சின்னதாக, புதிதாக இருந்தது.

"பீரோவை கழட்டியிருக்கலாம்" என்றாள்.

"கழட்ட முடியாது. ஒரே மரத்துல குடைஞ்சது."

"படத்துல சொல்றாங்களா?"

"சொல்றாங்க. ரெண்டாவது சீன்ல."

அக்கா யோசித்தாள். "நான் கவனிக்கல" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. பஸ் வந்தும் ஏறாமல் நின்றுவிட்டார். அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. அக்காவுக்குக் குரல் வந்த பிறகும் டாக்டர் பேசுவதை நிறுத்தவில்லை. அவருக்கு ருசி தெரிந்துவிட்டது. இருவரும் நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்று, ஒரே படத்தைப் பற்றி இரண்டு கதை சொன்னார்கள். நோயாளிகளுக்கு இதில் லாபமா நஷ்டமா என்று சொல்வது கடினம். ஒன்று மட்டும் மாறியது. வாயைக் கொப்பளித்துத் துப்பியதும் அக்கா துண்டை நீட்டி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்பாள். பாதி முகம் மரத்துப்போயிருக்கும் நிலையில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் புரியாது. அக்கா குனிந்து கேட்பாள். பஸ் டிரைவர் மட்டும், பல் வேலை முடிந்த பிறகும், சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்துபோனார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறை மதியம் வீட்டுக்காரரே ஒரு படத்துக்குக் கூப்பிட்டார். அவரே தேர்ந்தெடுத்த படம். ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு சண்டை, நடுவில் ஒரு நாய். முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. நடந்தே வந்தார்கள். அக்காவுக்கு நாயைப் பற்றி மட்டும் சொல்ல நிறைய இருந்தது. நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். சிக்னலில் நின்றார்கள், கடந்தார்கள். செருப்புக் கடையைத் தாண்டினார்கள். ஒரு இடத்தில் அவர் வாயைத் திறந்தார், எதிரே வந்த சைக்கிளுக்கு வழி விட்டார், மூடிக்கொண்டார். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது, "பாதி நல்லா இருந்துச்சு" என்றார்.

"எந்தப் பாதி?"

"அதைத்தான் யோசிக்கறேன்."

அக்கா உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கேட்கவில்லை. அவர் ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றார்.

"ரெண்டாவது பாதி" என்றார்.